ந.க. 4417/ஆ3

காட்பாடியில் ஏறினால் பாசஞ்சரில்
திருப்பதி மூன்று மணி நேரம்.
சனிக்கிழமைகளில் நான் சட்ட மாணவி.
மற்ற நாட்களில் சத்துவாச்சாரி ஆட்சியரகம்,
வழங்கல் பிரிவு, ஆ3 இருக்கை,
மின்விசிறியின் காற்று தொடாத மேசை.

இந்தப் பருவத்துக்கு இங்கிலாந்து அரசமைப்பு.
முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள்:
அப்படி ஒரு புத்தகம் கிடையாது.
கை வைத்துச் சத்தியம் செய்ய
ஒற்றை நூல் இல்லை அந்த நாட்டில்.
எதிரில் இருந்த சித்தூர்க்காரர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நான் பாலாற்றுக்காரி.
மணல் தெரியும், லாரித் தடம் தெரியும்,
குனிந்து தோண்டினால்
முழங்கை நனையும்.
மரபு என்று அவர்கள் சொல்வது அதுவாக இருக்கலாம்.
எழுதி வைக்காதது,
ஊருக்கே குடிக்கத் தருவது.

எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு சொலவடை உண்டு,
கோட்டை உண்டு ராசா இல்லை என்று வரும்.
அங்கே ராசாவும் உண்டு,
கையெழுத்துப் போடுவார், ஆள மாட்டார்.
நாடாளுமன்றம் எதையும் செய்யும்,
நேற்று கட்டியதை இன்று இடிக்கும்,
நாளை வருகிறவர்களின் கையைக் கட்ட மட்டும்
அதனால் ஆகாது.
மணிமுடி தவறே செய்யாது. இது பழைய விதி.
அடிக்கோடிட்டேன்.
பாகாலாவில் வண்டி குலுங்கிப்
பென்சில் முனை உடைந்தது.

திங்கட்கிழமை மேசையில் 4417.
சக்கினா பீ, ஆர்.என். பாளையம்,
மண்ணெண்ணெய்த் தள்ளுவண்டி உரிமம்.
இருப்பில் பன்னிரண்டு லிட்டர் குறைவு.
பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தருக.
ஒப்புகை அட்டையில் ஊதாக் கட்டைவிரல்,
தேதி ஒன்பது.
ரத்து ஆணையின் வரைவு,
தேதி பதினாறு.
"விளக்கம் ஏதும் பெறப்படவில்லை."
போன வாரம் தட்டச்சு செய்தவள் நான்தான்.
ஏழைப் பதினைந்தாக எண்ணிய விரல்கள்
இதோ, இவைதான்.

குறையைக் கண்டவர் ஆய்வாளர் கோதண்டபாணி.
விசாரித்தவரும் அவரே.
"விசாரித்ததில் உண்மையெனத் தெரிகிறது."
தன்னைத்தானே கேட்டு
தனக்குத்தானே தெரிவித்திருக்கிறார்.

புத்தகத்தில் இதற்கு லத்தீனில் இரண்டு வரி.
பத்து மதிப்பெண். நாக்கில் ஒட்டவில்லை.
குழாயடிச் சண்டையில் கேட்டிருக்கிறேன் அதையே:
"அவ என்ன சொல்றான்னு கேட்டியா நீ?"

பச்சை மை எனக்கில்லை. நீலத்தில் எழுதினேன்:
கெடு இருபத்துநான்கு வரை உள்ளது.
எதிர்த்தரப்பு கேட்கப்படவில்லை.
ஆணைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது.

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"திருப்பதி போனா லட்டு வாங்கிட்டு வரணும்மா.
இதெல்லாம் கொண்டுவரக் கூடாது."

மூன்று நாள் கழித்து இறங்கி வந்தது கோப்பு.
ஓரத்தில் பச்சையில் ஒரே சொல்:
பேசவும்.

அந்தச் சொல் அவளுக்கல்ல, எனக்கு.
அறைக்குள் நின்றுகொண்டே பேசினேன்.
"அந்தம்மா வந்து புதுசா என்ன சொல்லிடப் போவுது?"
தெரியாது சார்.
"தெரியாதுன்னா?"
தெரியாததாலதான் சார் கேட்கணும்.
குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

இருபத்தைந்தாம் தேதி வந்தாள்.
விளக்கக் கடிதம் இல்லை, வக்கீல் இல்லை.
முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த
ஒரு லிட்டர் குவளையை மேசைமேல் வைத்தாள்.
நிற்கவில்லை அது, ஆடியது.
அடித்தகடு வெளியே பிதுங்கியிருந்தது.
வீட்டுக்கு வீடு ஒரு மடக்கு
கூடுதலாய் ஊற்றி வந்திருக்கிறாள்,
தனக்கே தெரியாமல்.
"ஆபீசுலதாம்மா குடுத்தாங்க. பாரு, முத்திரை."
பார்த்தோம்.
சிங்க முத்திரை, ஆண்டு, எல்லாம் சரியாகவே இருந்தன.
கோதண்டபாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவு என்னவென்று நான் பார்க்கவில்லை.
மறுவாரம் என்னை ஆ5க்கு மாற்றினார்கள்,
முதியோர் ஓய்வூதியம், வேறு மாடி.

சனிக்கிழமை ரயிலில் புத்தகத்தைப் பிரித்தேன்.
அடிக்கோடிட்ட வரியின் மேல்
விரல்பட்ட இடத்தில் ஒரு எண்ணெய் வட்டம்,
பின்பக்க எழுத்துகள் அதன் வழியே தெரிந்தன.