மூன்றாம் விரல்

டிக்கெட்டை நானே வாங்கினேன்.
நாற்பத்தைந்து வெள்ளி, பதினோராம் வரிசை.
முன்னால் ஓர் உயரமான தலை;
பாதி மேடைதான் தெரிந்தது,
அவன் இடக்கை இருக்கும் பாதி. போதும்.
சொல்லியிருந்தால் முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பான்,
பொன்னாடை போர்த்தியிருப்பான்,
எழுந்து நில்லுங்கள் டீச்சர் என்றிருப்பான்.
எழுந்து நிற்க வரவில்லை நான்.

நிகழ்ச்சித் தாளில் அவனைப் பற்றி ஒரு பத்தி.
சென்னையில் யாரிடம், எத்தனை வருடம்,
எந்த நாட்டில் என்ன விழா,
எத்தனை படத்தில் சர்வேந்திரனின் வயலின்.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியும்
லிஃப்ட் நின்றுபோன செவ்வாய்க்கிழமைகளும்
அதில் இல்லை.
இரண்டு தடவை படித்தேன்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை.

போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.
போகவில்லை.

பெருமைப்படத் தெரியாதவள் இல்லை நான்.
ஹுய் யிங் கோலாலம்பூரில் பெரிய வாத்தியக் குழுவில்
கறுப்பு உடுப்போடு உட்கார்ந்திருக்கிறாள்.
தேவமலர் கல்யாணம் கல்யாணமாக வாசிக்கிறாள்;
ஃபெர்ரியில் பார்ப்பேன்,
ஒரு தோளில் பெட்டி, ஒரு தோளில் தூங்கும் குழந்தை.
மார்க்கெட்டில் கேட்காதவர்களுக்கும் சொல்வேன் இதையெல்லாம்.
இறால் நிறுத்துக்கொண்டே ஒருவர் கேட்டார்:
"அப்ப நீங்க ஏன் டீச்சர் மேடையில வாசிக்கல?"
அரைக் கிலோ போதும் என்றேன்.

திரை விலகியது.
வில்லை எடுக்குமுன் உதட்டைக் கடிக்கிறான்,
ஒன்பது வயதில் கடித்த அதே பக்கம்.

இவனைத்தான்,
"காது போதாது, பேட்மிண்டனில் சேர்த்துவிடுங்கள்" என்று
இவன் அப்பாவிடம் சொன்னேன்.
ஈப்போவுக்கு லோரி ஓட்டுபவர்.
சாவியை விரலில் சுற்றிக்கொண்டே
"தூக்கத்துலகூட விரல் ஆடுது டீச்சர்" என்றார்.
அடுத்த செவ்வாய் அழைத்து வந்தார்.
அதற்கடுத்த செவ்வாயும்.
நான் சொன்னதை அவர் மறுக்கவும் இல்லை,
கேட்கவும் இல்லை.

கரகரப்பிரியா.
மத்யமத்தில் வந்து நின்றான்.
இந்த இடத்தில் சுண்டுவிரலை வைக்க வேண்டும்,
நேராகப் பஞ்சமத்தில் போய் உட்கார வேண்டும்.
எல்லாரும் அப்படித்தான்.
என்னால் முடியாது.
எண்பத்தேழில் பள்ளி வேன் கதவில் நசுங்கிய சுண்டுவிரல்
மடங்கும், நீளாது.
மூன்றாம் விரலையே இழுத்துக்கொண்டு போவேன்
நொண்டியைக் கைபிடித்து ரோடு கடத்துவதுபோல்,
ஒரு மூச்சுத் தாமதமாய்.
"இது என் தப்பு, என்னைப் பார்க்காதே, புத்தகத்தைப் பார்"
என்று சொல்லித்தான் கொடுத்தேன்.
புத்தகத்தையா பார்ப்பார்கள் பிள்ளைகள்?

இழுத்தான்.

பத்து விரலும் பழுதில்லாதவன்
சுண்டுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு
மூன்றாம் விரலை இழுத்தான்.
அறுநூறு பேர் காத்திருக்க
ஒரு மூச்சுத் தாமதமாய் வந்தது பஞ்சமம்.
அடடா என்றது சபை.
பக்கத்து இருக்கைக்காரர் என் பக்கம் குனிந்தார்:
"இதுதாம்மா இவர் பாணி. வேற யாருக்கும் வராது."

அப்படியா, என்றேன்.
நிகழ்ச்சித் தாளுக்கு அடியில்
என் சுண்டுவிரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்,
எழுந்து நின்றுவிடும் போலிருந்தது அது.

மேடைக்குப் பின்னால் போகவில்லை.
வெளியே மழை. கடல் பக்கமிருந்து சாய்ந்து அடித்தது.
கிராப் வர இருபது நிமிடம்.
"கச்சேரி எப்படிம்மா?" என்றார் ஓட்டுநர்,
நல்ல தமிழ்ப் பையன், ஈரத் துண்டால் கண்ணாடி துடைத்தபடி.

பஞ்சமம் கொஞ்சம் லேட்டு, என்றேன்.

"இந்த மழையில
எல்லாமே லேட்டுதாம்மா" என்று
கியர் மாற்றினார்.
வீடுவரை சிரித்துக்கொண்டே போனேன்.