நாற்பத்தோராம் நிரை

நாற்பத்தோராம் நிரையைத்தான் தொட்டேன்.
பச்சைச் சட்டம் போய்
நாற்பத்துமூன்றில் குந்துகிறது.

மவுஸிலிருந்து கையை எடுத்து
தலைக்கு மேலே தூக்கியும் காட்டிவிட்டேன்,
சோதனைச் சாவடியில் காட்டுவதுபோல.
நிழல் நிற்கவில்லை.
பெயர், அடையாள அட்டை, சேதம், தொகை
எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூசிக்கொண்டு
கீழே, இன்னும் கீழே
ஒருவரும் குடியிருக்காத
பத்து லட்சமாம் நிரைக்கு ஓடிவிட்டது.

வெல்லாவெளி. வெள்ளம் வடிந்து பதினாறாம் நாள்.
கந்தோர்ச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு
சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே.
ஒரு நூலும் பிசகாத கோடு.

சதாகரன் வந்தான்.
"ஓஃப் பண்ணிப் போடுங்க மிஸ்."
போட்டேன்.
வயரை மாற்றினான், மவுஸை மாற்றினான்,
எஃப் எட்டை இரண்டுதரம் அமத்தினான்.
"ஸூமைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க."
குறைத்தேன்.
ஒன்றைத் தொட்டால் ஐந்து எழும்புகிறது,
கூப்பிட்ட பிள்ளை உள்ளே படுத்திருக்க
ஒழுங்கைப் பிள்ளைகளெல்லாம் ஓடி வருவதுபோல.

மூன்று வருஷத்து வருத்தம் இது.
கணினி மாறியும் மாறாத வருத்தம்.
புதுப் பதிப்பில் சரியாகும் என்றார்கள்.
பதிப்பு வந்தது.
பொத்தான்கள் உருண்டையாகியிருந்தன.

கட்டம்தானே என்று விட்டிருப்பேன்.
ஆனால் போன மாரியில்
முழு அட்டவணையும் பிடித்தேன் என்று நினைத்து அடுக்கினேன்.
பிடிபட்டது தொகை நிரல் மட்டும்.
பெயர்கள் நின்ற இடத்தில் நிற்க
காசு எழும்பி நடந்து
வேறு வேறு வாசல்களில் போய் விழுந்தது.
காக்காச்சிவட்டையில் மாடு செத்தவருக்கு
கூரை போன காசு.
கூரை போனவளுக்கு
ஆறு கோழிக்கு.

மூத்ததம்பி ஞானவதி.
கவுண்டருக்கு வந்து சண்டை பிடிக்கவில்லை.
"என்ட ஆறு கோழியும் உயிரோட கிடக்கு மகள்.
கூரைதான் இல்ல.
மறுகா ஒருக்கா மாத்தி எழுதேலாதா கா?"

ஏலாது.
ஒப்பமாகி, கச்சேரிக்குப் போய்,
வங்கிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.
நான் அவளிடம் சொன்னது,
"மேலிடத்துக்கு எழுதியிருக்கு."
எழுதியிருக்கவில்லை.

திரையில் கட்டம் பிடிப்பதற்கும் தெரிவு என்றுதான் பெயர்.
ஆருக்குக் கொடுப்பது என்பதற்கும்.
'பயனாளிகள் தெரிவு' என்று
தடித்த எழுத்தில் தலைப்பு அடிக்கும்போது
விரல் கூசுகிறது எனக்கு.

இன்று காலை குருமண்வெளித் துறையில்
பாதையில் ஏறினேன்.
வாடைக்காற்று. ஆற்றில் இன்னும் கலங்கல்.
ஒரு லேண்ட் மாஸ்டர், இரண்டு சைக்கிள்,
ஆஸ்பத்திரித் துண்டோடு ஒரு கிழவர்.
எல்லாப் பாரத்தோடும்
ஒரு பக்கம் இழுபட்டு இழுபட்டுப் போனாலும்
தட்டு இறங்கியது மண்டூர்க் கரையில்தான்.
அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில்
முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நாலரை மணி.
மவுஸைப் பிடுங்கி லாச்சிக்குள் போட்டாயிற்று.
கடதாசிப் பட்டியலில் அடிமட்டத்தை வைத்து
சதாகரன் வாசிக்கிறான்.
அம்புக்குறி விசையால்
ஒவ்வொரு படியாக இறங்குகிறேன்,
இருட்டில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி.
முப்பத்தொன்பது.
நாற்பது.

"நாற்பத்தொன்று. மூத்ததம்பி ஞானவதி.
கூரை, முழுச் சேதம்."
நிறுத்தித் தாளைக் கிட்டப் பிடிக்கிறான்.
"கோழி, ஆறு."

போன முறை கொடுத்த காசு
இந்த முறைதான் சரியாகியிருக்கிறது.

சட்டம் நாற்பத்தொன்றில் நிற்கிறது.
தொகையை அடித்துவிட்டேன்.
என்டருக்கு மேலே
விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
"மிஸ்," என்கிறான் சதாகரன்,
"அடுத்தது வாசிக்கவா?"