தேதியைப் பெரிதாக்குதல்

"லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்கு."
மூன்றாம் முறையாகச் சொல்கிறார் டோட்சே.
மேசைமேல் அவருடைய அரை லிட்டர் தண்ணீர்ப் பை,
மூலையில் பல் பதிந்த கிழிசல்.
ஹோ நகரில் தாகம் தீர்வது அப்படித்தான்:
கடி, துப்பு, உறிஞ்சு.

இந்த ஊரில் விற்பவை பதினோரு பைகள்.
பதினொன்றிலும் நீலம்.
ஒன்பதில் அருவி.
ஒன்றில் பனி மூடிய சிகரம்;
ஐஸ்பெட்டிக்கு வெளியே பனியைக் கண்டவர்
எங்கள் தெருவில் எவருமில்லை.
வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று தெரிந்த சனத்திடம்
தெளிந்ததெல்லாம் நீர்தான் என்று சாதிக்க
இத்தனை மலை வேண்டியிருக்கிறது.

ஒரு வாரம் நான் ஒரு கோடும் இழுக்கவில்லை.
லாரி நிலையத்தில் எனியோனம் பின்னால் அலைந்தேன்.
தலையில் அண்டா, அண்டாவில் நாற்பது பை,
புறப்பட்டுவிட்ட வேனோடு ஓடியபடியே
பை கொடுப்பாள், காசு வாங்குவாள்,
மீதியைச் சன்னல் வழியே எறிவாள்.
பிராண்டு என்று நான் படித்ததற்கெல்லாம்
அங்கே நான்கு நொடி.

அந்த நான்கு நொடியில்
கைக்குழந்தைக்காரி ஒருத்தி பையைத் திருப்பினாள்.
பின்பக்க மடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்தாள்,
வெயிலில் பிடித்துப் பார்த்தாள்,
கொடுத்துவிட்டாள் திரும்ப.
"என்ன தேடினாள்?"
"என்றைக்குக் கட்டியது என்று.
போன மழையில் அவள் தெரு முழுக்க வயிற்றுப்போக்கு"
என்றாள் எனியோனம்,
அடுத்த வேனுக்கு ஓடிக்கொண்டே.

அன்றிரவு அருவியை அழித்தேன்.
மலையை அழிக்க இன்னும் சுலபமாக இருந்தது.
நீலத்தை விட்டுவைத்தேன், ஒரே ஒரு நீலம்,
அச்சகத்துக்கு அதன் எண்ணை எழுதிக் கொடுத்து,
ஒரு சாயல் மாறினாலும்
சுருளைத் திருப்பி அனுப்பச் சொல்லி.
டோட்சேயின் பெயர் கட்டைவிரல் நகமளவு.
நடுவே வெள்ளை வட்டம்.
வட்டத்துள் கட்டிய நாள்,
ஓடும் வேனிலிருந்தும் தெரியும்படி.

"என்ன இது, சாவு போஸ்டரா?" என்றார்.
நியாயம்தான்.
எங்கள் சுவர்களில் இவ்வளவு பெரிய தேதி
இறந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.
ஆனாலும் அச்சேற்றினார்;
முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

எட்டு மாதம்.
எனியோனம் கம்பெனி பெயரைக் கூவுவதை விட்டாள்.
"வட்டம்! வட்டம்!" என்றாள், போதுமாயிருந்தது.
டோட்சே இரண்டாவது இயந்திரம் வாங்கினார்,
எனக்கு ஒரு கூடை கருவாடு அனுப்பினார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
புற ஊதா விளக்கு எரிந்துபோனது.
மாற்று விளக்கு துறைமுகத்திலிருந்து வர மூன்று நாள்.
தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.
பொய்த் தேதி போட அவருக்கு மனம் வரவில்லை,
இயந்திரத்தை நிறுத்தவும் வரவில்லை.
வட்டத்தைக் காலியாக விட்டு
இருநூறு மூட்டை அனுப்பினார்.

மதியத்துக்குள் அத்தனையும் திரும்பி வந்தன.
யாரும் சண்டை போடவில்லை.
அண்டாக்காரிகள் ஒவ்வொருவராய் வந்து
வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.
எழுத்தே தெரியாத இருவரும் அதில் உண்டு.

"உன் வட்டம்தான் காரணம்!" போனில் கத்தினார்.
"பழைய பையாக இருந்திருந்தால்
ஒரு குஞ்சுக்கும் தெரிந்திருக்காது."
ஆமாம் என்றேன்.
அதற்குத்தானே கூலி வாங்கினேன்.

நெடுநேரம் பதில் இல்லை.
அவர் பின்னால் இரைந்துகொண்டிருந்த இயந்திரங்கள்,
முதலில் ஒன்று,
பிறகு மற்றது,
ஓய்ந்தன.

சனிக்கிழமை எனியோனத்திடம் ஒரு பை வாங்கினேன்.
தேதி சற்றுக் கோணலாக விழுந்திருந்தது,
மை காயவில்லை.
கடித்தேன், துப்பினேன், குடித்தேன்.
பார்த்தால் என் கட்டைவிரலில்
இடவலம் மாறி ஒட்டியிருக்கிறது
அன்றைய நாள்.