பதினான்காம் பை

முதலில் வேரைப் பொட்டாஷில் அவிக்க வேண்டும்.
பிறகு கடையில் வாங்கிய பேனா மை,
சாலட்டுக்கு ஊற்றுகிற வினிகர்.
வெளுத்துப்போன வேருக்குள்
பூஞ்சை மட்டும் நீலமாக எழுந்து வரும்.

லென்ஸில் ஒரு மெல்லிய கோடு.
அது வேரை வெட்டும் இடந்தோறும் ஒரே கேள்வி:
உண்டா, இல்லையா.
இடது கட்டைவிரல் உண்டு. வலது இல்லை.
நூறு முறை அமுக்கினால் ஒரு வயல்.

ஆர்பெர்க் பக்கத்துப் பைகளுக்கு
வலது விரல்தான் வலிக்கும்.
ஆழ உழுத மண். சர்க்கரை பீட் போட்டு, பிறகு கோதுமை.
பீட் வேர் இந்தப் பூஞ்சைக்குக் கதவு திறப்பதில்லை.
பன்னிரண்டு. ஒன்பது. பதினேழு.
பூஞ்சை உடம்பு என்போம் நோஞ்சானை;
அப்படிச் சொன்னவர் யாரோ,
களிமண்ணில் இது வழி கண்டுபிடிப்பதைப் பார்த்ததில்லை.

பதினான்காம் பையில் இடது விரல் நிற்கவே இல்லை.
எழுபத்தெட்டு.
கழுவிய தட்டில் மறுபடி தேடினேன்.
புல்வேர்களுக்கு நடுவே
நுனிக்கு உறை மாட்டிய குட்டை வேர் ஒன்று.
ஹேசல் மரத்துடையது.
கோதுமைக்குள் ஹேசல் ஏது?

போனில் உர்ஸ் கேரி மறுக்கவில்லை.
"வேலிமூலை. டிராக்டர் அங்கே திரும்பாது.
என்ன இருந்திருக்கும் என்று பார்க்கத்தான்."
இருந்திருக்கும் என்றார். இருக்கும் என்று சொல்லவில்லை.

விதி தெளிவானது. பதினான்கு: நீக்கம்.

செவ்வாய்க்கிழமை நானே போனேன்.
சாரல். வயல் நடுவில் மண்குழாயை மிதித்தால்
ஒரு சாண் போய் நின்றுகொண்டது,
கலப்பை போட்டுப்போட்டு இறுகிய தரை.
ரப்பர் பூட்ஸோடு பின்னாலேயே வந்தவர்
ஒன்றும் பேசாமல்
குழாயிலிருந்து மண்ணை நெம்ப
ஒரு ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

பதினொன்று.
அறிக்கைக்குப் போவது அதுதான்.

மாலையில் தபால் அட்டை ஒன்று எடுத்தேன்.
முகவரி, கீழே வேலிமூலை, அதன்கீழே நூற்றுக்கு எழுபத்தெட்டு.
வாழ்த்து எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.
அதே மைப்புட்டிதான்.
வினிகர் கலக்காத அடிமிச்சம்,
எட்டில் கொஞ்சம் திட்டாகிவிட்டது.