நாலரைக்கு ஒன்று

வழிகாட்டி மின்னஞ்சலில் வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்,
மார்த்தாண்டம் பாலத்தடியில் பஸ் நிற்பதுபோல,
நகரவும் நகராமல், இறங்கவும் விடாமல்.
முதலாளி செல்வின்ராஜ் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.
"இதுல ரேட்டு எங்க போட்டிருக்கு?"

தோவாளைப் பூ வியாபாரிகளுக்கு
ஒரு வலைத்தளம் கட்டிக்கொண்டிருந்தோம்.
எழுத்துக்கு நான் தேர்ந்த நிறம் சாம்பல்.
வெள்ளைமேல் மூச்சுவிட்டாற்போல ஒரு சாம்பல்.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சோதித்துப் பார்க்க ஷெர்லின் வந்தாள்
குழித்துறையிலிருந்து, மடக்குக் கோலோடு.
ஹெட்போனைக் கழற்றி ஒலியைத் திறந்துவிட்டாள்.
எங்கள் பூச்சந்தையைக் கணினி வாசித்தது:
படம் நாற்பத்தேழு.
படம் நாற்பத்தெட்டு.
பொத்தான்.
பொத்தான்.
படம் நாற்பத்தொன்பது.
"இதுல பிச்சி எது, அரளி எது?"
ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

வழிகாட்டியைப் பற்றி அவள் பேசவே இல்லை.
எல்லாத் திரைகளையும் அணைக்கச் சொன்னாள்.
"அரைக்கிலோ பிச்சி வாங்குங்க. மவுஸைத் தொடக் கூடாது."

கால்மணி நேரம் கழித்துத் திரை திறந்தோம்.
பெனோ கூடைக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் கிடந்தான்.
நான் எட்டுக் கிலோ கோழிக்கொண்டை வாங்கியிருந்தேன்,
விலாசக் கட்டத்தில் என் போன் நம்பர்.
காசு போய்விட்டதா என்று முதலாளி
மூன்று தடவை கேட்டார்.

மறுநாள் அவள் தந்தது அரைத்தாள்.
வரிக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு ஆள், ஆளுக்கு எத்தனை நேரம்.
படங்களுக்குப் பேர்: பெனோ, அரை நாள்.
கூடையிலிருந்து வெளியே வர வழி: பெனோ, ஒரு நாள்.
எழுத்துக்கும் பின்னணிக்கும் நாலரைக்கு ஒன்று:
என் பெயர், ஐந்து நிமிஷம்.
"நாலரைக்கு ஒண்ணு," முதலாளி சொல்லிப் பார்த்தார்,
சந்தை விலை சொல்வதுபோல.
அது அவருக்குப் பிடித்துவிட்டது.

ஐந்து நிமிஷ வேலைக்கு
ஐந்து நாள் வாதாடினேன்.
அழகு என்றேன். பிராண்டு என்றேன்.

வெள்ளிக்கிழமை தோவாளை.
பதினொரு மணி வெயில், ஆரல்வாய்மொழிக் காற்று.
நல்லபெருமாள் அண்ணன் போனை வாங்கினார்,
உள்ளங்கையால் நிழல் கட்டினார்,
தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.
"மக்கா, இதுல எழுத்து இனிமதான் வருமா?"
கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்.
சற்றுமுன்தான் எதிர்க்கடைத் தராசு முள்ளை
இங்கிருந்தே வாசித்துச் சண்டை பிடித்தவர்.

திரும்பும் பஸ்ஸில் மாற்றினேன்.
வெள்ளமடம் வருமுன் முடிந்துவிட்டது.

அரைத்தாள் இப்போது டீ பிளாஸ்க்குக்கு மேலே.
ஓரத்தில் டீக்கறை.
புதிதாய்ச் சேரும் ஆளுக்கு முதலாளி அதைத்தான் காட்டுகிறார்,
தானே எழுதியதுபோல.
கூடை இன்னும் சில நாள் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

படம் நாற்பத்தேழுக்கு
பெனோ ராத்திரி உட்கார்ந்து எழுதியிருந்தான்:
பிச்சி மொட்டு, விடியுமுன் பறித்தது, காம்பில் ஈரம்.
கணினி அதை வாசித்து முடித்தது.
ஷெர்லின் சிரித்தாள்.
"நல்லாருக்கு.
கிலோவா முழமா, அதைப் போடல்லியே."