அறுபத்திரண்டு சென்ரிமீற்றர்

இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல்
றூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்துக்குப் போனேன்.
ஐந்தே முக்கால். பாலத்தின் மேல் முதல் ரயில்.
றெனாட்டோ எனக்கு முன்னமே நின்றான்.
அவன் வாளியில் விரல் நீளத்தில் நாலு பேர்ச்.

எனக்குக் கிடைத்தது ட்ரவுட்.
ஸ்காபறோவில் பன்னிரண்டு வருடம்,
இப்படி ஒன்று என் தூண்டிலைத் தொட்டதில்லை.
இரண்டு கையாலும் ஏந்தி றெனாட்டோவுக்கு நீட்டினேன்.
'பெரிசு உனக்கு. எனக்குச் சின்னது போதும்' என்றான்.
மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

நிரோஜினி தையல் நாடாவோடு வந்தாள்.
போன செவ்வாய் மருத்துவிச்சி அளந்தபின்
நம்பாமல் வீட்டில் தானும் ஒருதரம்
வயிற்றின் மேல் பிடித்துப் பார்த்த நாடா.
அன்றைக்கு இருபத்தெட்டு.
இன்றைக்கு மூக்கு நுனியிலிருந்து வால்வரை
அறுபத்திரண்டு.

கைபேசியில் ஓர் அட்டவணை.
இடப்பக்கம் மீனின் பெயர், மேலே நீளம்,
கட்டங்களுக்குள்
மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்ற எண்.
ஒரு வரிசை எல்லாருக்கும்.
மற்றது பிள்ளைத்தாய்ச்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்.
விரலால் கோடு பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.
எனக்கு இரண்டு.
அவளுக்குப் பூச்சியம்.

நீளம் என்றால் வயதாம்.
வயது என்றால் பாதரசமாம்.
சின்னதைத் தின்றதைத் தின்றதைத் தின்று
எல்லாருடைய கடனையும்
தன் சதையில் எழுதி வைத்திருக்கிற கிழட்டு மீன்.

'மஞ்சள் போட்டு, கல்லுப்புப் போட்டு,
நாலு தண்ணியில் அலசினால்?'
போகாதாம்.
பொரித்தாலும் போகாது, புளியிலும் கரையாது.
வாயைத் திறந்த உடனே
என் பேச்சில் ஊர் தெரிகிற மாதிரி
அது இறைச்சியோடு இறைச்சியாக இருக்குமாம்.

சரி, இரண்டு தரம் என் பங்கு என்று
வயிற்றைக் கீறினேன்.
குடலுக்குள் ஒரு முட்டை.
உளுந்தளவு, உருண்டை,
நீலம்.

அந்த நீலத்தை எனக்குத் தெரியும்.
மூன்றாம் மெஷின் நீலம்.
உருக்கி வார்த்தால் தண்ணிப் போத்தல் மூடி.
லொறியில் மூட்டை கிழிந்தால்
இறக்கும் வாசலெல்லாம் மணி மணியாய்ச் சிதறும்.
கூட்டி அள்ளச் சொல்லித்தான் சுவரில் எழுதியிருக்கிறது.
ஷிப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கையில்
யார் கூட்டுவது?
ஹோஸைப் பிடித்து ஒரு அடி,
இரும்புக் கிராதிக்குள் கலகலவென்று போய்விடும்.
நன்றாக இருக்கும் அந்தச் சத்தம்.

இந்த ஏரியைச் சுற்றி எத்தனை தொழிற்சாலை,
நீலம் எங்களுக்கு மட்டும் சொந்தமா
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்தேன்.
கை பழகிப்போன கை.
குடலோடு, இரத்தத்தோடு
ஒரு சுழி சுழன்று
சிங்கின் ஓட்டைக்குள் இறங்கியது.

இறங்கிய பிறகுதான்
விரல்களைக் குவித்து ஓட்டையைப் பொத்தினேன்.

'என்ன அது?'
'முட்டை.'
'நீலமாயெல்லோ இருந்தது.'
நான் துண்டு போடத் தொடங்கினேன்.

மத்தியானம் நான் தனியே மீன் சாப்பிட்டேன்.
அவளுக்குப் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும்.
யன்னல் திறந்தும் வெந்தய மணம் போகவில்லை.
முள் எடுக்கும் சாக்கில் நான் தலை நிமிரவில்லை.
றெனாட்டோவின் நாலு பேர்ச் ஞாபகம் வந்தது.
தெரிந்துதான் சொல்லியிருக்கிறான்.

அவள் எழும்பி வந்து
சட்டி விளிம்பில் விரலால் ஒரு வழி வழித்து
வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.
'குழம்பு எத்தனை சென்ரிமீற்றர்?'

சிரித்தாள்தான்.
நாடா மேசையில் சுருண்டு கிடந்தது.
நான் சட்டியை என் பக்கம் இழுத்தேன்.