டெமோ வண்டி

"ஜெர்மன் வண்டி, கைபடாத மாதிரி மேடம்" என்றார் இர்ஷாத்.
திரையில் புளூடூத்தைத் தட்டினேன்:
ஜெரால்டு, டாக்டர் கே,
அப்பு சாம்சங், வசுமதி டூ...
பதினோரு பேர்
கத்திப்பாராவை ஒரு சுற்றுச் சுற்றி
இறங்கிப் போயிருக்கிறார்கள்.

சீட்பெல்ட்டைக் கடைசிவரை உருவினேன்.
வேளச்சேரிக்காரி நான்,
வெள்ளம் எங்கே ஒளியும் என்று தெரியும்.
சேறில்லை.

கால்குலேட்டரில் அடித்து என் பக்கம் திருப்பினார்.
அழித்து, அடித்து, அவர் பக்கம் திருப்பினேன்.
மேனேஜரைக் கேட்டு வருவதாக உள்ளே போனார்.
கண்ணாடிக்கு அப்பால் மேனேஜர்
டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார்,
நிமிரக்கூட இல்லை.

"ரொம்பப் போராடினேன் மேடம்.
முப்பதாயிரம் குறைச்சுட்டாங்க."

"வசுமதி எந்த விலையில
எழுந்து போனாங்க?"

அப்போதுதான் சிரித்தார்,
உண்மையாக. ஒரு பல் கொஞ்சம் கோணல்.
பிறகு எண்களை ஒவ்வொன்றாக
அழிக்கத் தொடங்கினார்.